கொல்லையைக் காப்போம், குப்பையை ஒழிப்போம்



வெயில் காலம் முடியப் போகிறது. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் மழை கொட்டும். அதற்கு முன்னால் லயத்துக் கொல்லையில் இருக்கிற வெண்டை, கத்தரி, பயற்றங்காய், மிளகாய் எல்லாவற்றையும் பறித்து, மரவள்ளியையும் பிடுங்கிவிடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் பறித்த பிறகு கொல்லையைத் திரும்பிப் பார்க்கிறோமா?

காய்ந்த பந்தல் அப்படியே நிற்கும். அழுகின காய் கீழே கிடக்கும். தண்ணீர் ஊற்றின தகரம், பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, வெளிக்காட்டிலிருந்து கொண்டு வந்த பால் மங்கு எல்லாம் போட்ட இடத்திலேயே கிடக்கும். "அடுத்த நடவுக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். மழை மட்டும் நமக்காகக் காத்திருக்காது.

பிறகு காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்ததும் சில நிர்வாகங்கள், "கொல்லை இருப்பதால்தான் கொசு, எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுங்கள்" என்று உத்தரவு போடும். குப்பையை அப்படியே விடுவதும் தப்பு, கொல்லையையே அழிப்பதும் தப்பு. காய்ச்சலைக் கொண்டு வருவது செடி அல்ல. நாம் கிடப்பில் போட்ட குப்பை. இதை நாமும் உணர வேண்டும், நிர்வாகமும் உணர வேண்டும்.

கொல்லை நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. பிரிட்டிஷ்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. அதாவது சுமார் 2,700 சதுர அடி. ஜப்பான்காரன் ஆட்சியில், 1941 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தவித்த நம் பெரியவர்களின் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பெற்றோர் பட்ட பாட்டைக் கதை கதையாய்ச் சொல்வார்கள்.

இன்றைக்கும் கொல்லை பாதி மருந்து. நம் பெண்களில் பலருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. முகம் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்கி, தலை சுற்றி வருகிறார்கள். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, பயறு வகைகளில் இரும்புச் சத்து உண்டு. கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கடுமையான சோகைக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். ஆனாலும் ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டிய கீரை, கொல்லையில் சும்மா முளைக்கிறதே! அதை ஏன் இழக்க வேண்டும்?

இனி குப்பையின் கதைக்கு வருவோம். டெங்கு நமக்குப் புதிது அல்ல. பினாங்கில் டெங்கு பரவியதைப் பற்றி 1902-லேயே மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். இரத்தக் கசிவோடு வரும் கடுமையான டெங்கு இந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவானதும் பினாங்கில்தான், 1962-ல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மழைத்தண்ணீர் தேங்கிய டின், டயர், சிரட்டை, மங்கு இவைதான் அதற்கு வீடு. ஒரு சிரட்டைத் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. பல மாதம் காய்ந்து ஒட்டிக் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அடுத்தது எலி. அழுகின காயும் மரவள்ளித் துண்டும் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றால், காலில் உள்ள சிறு கீறல் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் கிருமி ஏறிவிடும். திடீர்க் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி இருந்தால் "வேலை செஞ்ச அலுப்பு" என்று படுத்துவிடாதீர்கள். கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டுவிடும். ஆரம்பத்திலேயே வந்தால் மருந்து இருக்கிறது. வரும்போது, "கொல்லையில் வேலை செய்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, விஷம். மருந்தடித்த காலிப் பீப்பாயைக் கழுவிக் கீரைக்குத் தண்ணீர் பிடிக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். எத்தனை தடவை கழுவினாலும் விஷம் முழுக்கப் போகாது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் எங்காவது மூலையில் இருந்தால் தொடாதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், நிர்வாகத்திடம் சொல்லி ஒப்படையுங்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

சரி, என்னதான் செய்வது? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். குடும்பமாக இறங்குங்கள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் உறை. முதலில் தண்ணீர் தேங்குகிற சாமான்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். வேண்டிய வாளியைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், மூட முடியாததில் சுகாதார இலாகா கொடுக்கிற அபேட் மருந்தைச் சொன்ன அளவுப்படி போடுங்கள். நோயில்லாத கொடியையும் இலையையும் குழி வெட்டி மண்ணோடு புதையுங்கள், அடுத்த நடவுக்கு எருவாகும். எரிக்க வேண்டாம். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் தடுக்கிறது. புகை குழந்தைகளின் மூச்சிரைப்பையும் கிளப்பிவிடும். துருப்பிடித்த தகரமோ பாராங்கத்தியோ வெட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தனுர்வாத ஊசிக்கு வாருங்கள்.

நம் பங்கு இது. நிர்வாகத்தின் பங்கு என்ன? நாம் கட்டி வைத்த சாக்கை யார் எடுப்பது? குப்பை லோரி நேரத்துக்கு வராவிட்டால் லயத்து மூலையே கொசுப் பண்ணையாகிவிடும். தொழிலாளர் குடியிருப்பைச் சுத்தமாக வைப்பதில் முதலாளிக்குப் பொறுப்பு உண்டென்று 1990-ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. கொசு வளர இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. அது லயத்துக்கு மட்டும் அல்ல, ஸ்டோருக்கும் உண்டு, துரை பங்களாவுக்கும் உண்டு. ஆகவே கிளைச் சங்கத் தலைவர்கள் கொல்லை சுத்தம் செய்யும் நாளைக் குறித்து, அன்றைக்கு லோரி வேண்டுமென்று முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். நாம் சுத்தமாக வைத்திருக்கும் கொல்லையை அழிக்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

தோட்டத்தை விட்டு ஜார்ஜ் டவுன் அடுக்குமாடிக்குப் போன நம் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. பூச்சட்டியில் கருவேப்பிலையும் மிளகாயும் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். சட்டிக்கு அடியில் இருக்கிற தட்டை வாரம் ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவுங்கள். கொசுவுக்கு லயமும் ஒன்றுதான், பத்தாவது மாடியும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. காய்ச்சல் வந்தால் பாரசிட்டமோல் மட்டும் போடுங்கள். கடையில் ஆஸ்பிரின், வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி கண்டால் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் பெயர் போடவேண்டுமே, சம்பளம் போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம். நாள் சம்பளத்தை மறுநாள் உழைத்துச் சம்பாதிக்கலாம், உயிரை அப்படிச் சம்பாதிக்க முடியாது.

மழைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே கொல்லையில் இறங்குங்கள்!