மேடைக்கும் வீட்டுக்கும் ஒரே மைக்

வானொலியில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். மகள் பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறாள். தம்பி வலையொளி தொடங்கப் போகிறார். நண்பர்கள் சமூக மன்றத்தில் தீபாவளிக்குப் பாடப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மைக் போதுமா?

பெரும்பாலும் போதும். வகையைத்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் முதலில் வாங்குவது கண்டென்சர் மைக். அதன் சவ்வு மிக மெல்லியது. சின்ன ஒலியையும் விடாது. இயங்க மின்சாரம் வேண்டும், பொதுவாக 48 வோல்ட். அமைதியான ஒலிப்பதிவுக் கூடத்தில் அருமையாக இருக்கும். நம் வீவக வீட்டிலோ மின்விசிறி, கீழே போகும் பேருந்து, பக்கத்து வீட்டுப் புதுப்பிப்புப் பணி என்று எல்லாமே சேர்ந்து பதிவாகும். நம் ஊர் ஈரப்பதமும் அதற்கு ஆகாது.

டைனமிக் மைக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. தனி மின்சாரம் தேவையில்லை. வாயருகே வரும் குரலை முன்னிறுத்தும், சுற்றுச் சத்தத்தை அடக்கி வாசிக்கும். கை தவறி விழுந்தாலும் எளிதில் கெடாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1966ல் வந்த ஷூர் எஸ்எம்58. 'எஸ்எம்' என்றால் ஸ்டூடியோ மைக்ரோஃபோன். கூடத்துக்காகப் பிறந்தது, உலக மேடைகளில் பெயர் வாங்கியது. டைனமிக் பதிவுக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரு செய்தி: 1982ல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' தொகுப்பில் அவர் பாடியது அதே நிறுவனத்தின் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்.

புகழ் இருந்தால் போலியும் இருக்கும். அசல் எஸ்எம்58 ஏறத்தாழ 298 கிராம். கையில் கனம் தெரியும். பாதி விலை என்றால் உஷார். சிராங்கூன் சாலையிலிருந்து சிம் லிம் பக்கம் நடந்தாலும் சரி, வேறு கடைக்குப் போனாலும் சரி, இரண்டு மூன்று மைக்கில் உங்கள் குரலிலேயே பேசிப் பாருங்கள். கணினியில் பதிவு செய்ய ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்றும் தேவை. அதற்கும் பணம் ஒதுக்குங்கள். பலர் கைமாறும் மேடைக்குப் பொத்தான் இல்லாத மைக் நல்லது. யாரோ அணைத்துவிட்டுப் போக, அடுத்தவர் "கேட்குதா?" என்று தவிக்க வேண்டாம்.

வாங்கியபின் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், சற்றே சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் "பெரியோர்களே" என்று தொடங்கும்போதே 'டப்' என்று வெடிக்கும். வலைத்தலையை உள்ளங்கையால் மூடினால் ஒலிபெருக்கி வீறிடும். எஸ்எம்58ன் வலைத்தலையைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவலாம். நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

மேடையில் பிள்ளையின் குரல் எடுபடாவிட்டால், "சத்தமா பேசும்மா" என்கிறோம். அவள் தொண்டையை வருத்துவதற்கு முன், பெரியவர் உயரத்தில் நிற்கும் அந்த மைக்கை அவள் வாய்க்கு நேராக இறக்கிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.