சபையில்லாத மாகாணம்

"மாகாண சபை ஒரு வெள்ளை யானை, இல்லாமற் போனதே நல்லது" என்று எமது எழுத்தாளர்களிற் சிலரே பேசத் தொடங்கிவிட்டனர். மூதூரில் படிப்பித்துச் சீவிக்கும் எனக்கு இப்பேச்சு கோபத்தைத் தருகிறது.

கணித ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பெற்றோர் கையொப்பமிட்ட மனுவை மூன்று தடவை கந்தோரில் கொடுத்தேன். "மேலிடத்துக்கு அனுப்பியாச்சு சேர்" என்பதே பதில். மேலிடம் எது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தப்படி, தேசிய பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாணத்தின் பொறுப்பு. மாகாணப் பாதைகளும் உள்ளூராட்சியும் கமத்தொழிலும் அவ்வாறே. இவற்றுக்கு நியதிச்சட்டம் இயற்ற 37 உறுப்பினர் கொண்ட சபையும், முதலமைச்சரோடு ஐவர் கொண்ட அமைச்சர் வாரியமும் கிழக்குக்கு இருந்தன. 2008இல் முதன்முதல் தெரிவான அச்சபை 2017 செப்டம்பருடன் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரின் ஆட்சிதான்.

ஏன் தேர்தல் இல்லை? 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் வந்தது. அதற்குக் கையுயர்த்தியோரில் எமது தலைவர்களும் இருந்தனர். 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரித்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். பழைய முறை போயிற்று, புதிய முறை வரவில்லை. நான்கு ஜனாதிபதிகளைக் கண்டும் முடிச்சு அவிழவில்லை.

2019 ஜனவரியில் எம்மவர் ஒருவர் ஆளுநரானதும் நாம் பட்டாசு கொளுத்தாத குறை. ஜூனில் அவர் பதவி விலக நேர்ந்தது. ஜனாதிபதி தரும் கதிரையை எமது அதிகாரமென்று எண்ணியது எவ்வளவு பேதைமை!

சபை இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று நான் வாதாடவில்லை. ஆசிரியர் இடமாற்றத்திலும் கட்சி வாடை அடித்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் காகிதத்தோடு நின்றன. ஆனால் தவறு செய்தவரை வீட்டுக்கு அனுப்ப என்னிடம் ஒரு வாக்கு இருந்தது. எனது மனுவோடு போய் நிற்க ஓர் உறுப்பினரின் வாசல் இருந்தது. சபையில் எழுந்து அவர் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். ஆளுநரிடம் அப்படிக் கேட்க எவருமில்லை.

பழைய விகிதாசார முறைக்குத் திரும்பப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். அதைக் கேட்டு எழுதுவதே இன்று எமது வேலை. யானையின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருப்போரே, எனது பிள்ளைகள் கணித ஆசிரியரின்றிச் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிறார்கள்.