ஆபத்துக் கமிட்டியில் தோட்டத்துக்கு நாற்காலி எங்கே?



வெள்ளம் வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும், எந்தப் படகை எடுக்க வேண்டும் என்று திட்டம் போட நம் நாட்டில் கமிட்டிகளுக்குக் குறைவில்லை. மத்தியிலே 2015 அக்டோபர் 1 முதல் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு கமிட்டி. மாவட்டத்துக்கு ஒரு கமிட்டி. அதற்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், சமூகநலம் ஆகிய இலாகாக்களுக்கும் பொதுத் தற்காப்புப் படைக்கும் அதிலே இடமுண்டு. இவையெல்லாம் வேண்டியவையே. வேண்டாமென்று எந்தப் பாட்டாளியும் சொல்லவில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. செபராங் பிறையின் தோட்டங்களிலே, லயத்து வீடுகளிலே, தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும், ஆபீசிலே பேரேடு எழுதும் கிராணிக்கும் அந்த மேசையைச் சுற்றி நாற்காலி எங்கே? அவர்களைக் கூப்பிட்டு, "உங்கள் லயத்திலே தண்ணீர் முதலில் எந்தப் பக்கம் ஏறும்?" என்று கேட்டவர் யார்?

வீம்புக்காக இதைக் கேட்கவில்லை. ஆபத்து வந்த நாட்களைப் புரட்டிப் பாருங்கள்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்று பிற்பகல் தொடங்கிய மழை விடிய விடியக் கொட்டிற்று. சில இடங்களில் ஒரு நாளிலே 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. காற்று மரங்களை வேரோடு சாய்த்தது. பினாங்குத் தீவும் செபராங் பிறையும் ஒருசேர நீரில் மூழ்கின. ஏழு உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான மக்கள் வீடு விட்டு வெளியேறினர். நள்ளிரவுக்குப் பின் மாநில முதலமைச்சர் லிம் குவான் எங், அன்றைய துணைப் பிரதமர் சாஹிட் ஹமிடியைத் தொலைபேசியில் அழைத்து இராணுவத்தை அனுப்பும்படி கேட்க வேண்டியதாயிற்று. இராணுவமும் வந்தது. ஆனால் அது வந்து சேருமுன், கழுத்தளவு தண்ணீரில் கிழவியைத் தூக்கிச் சுமந்தவன் யார்? பக்கத்து வீட்டுக்காரன்! கதவைத் திறந்து இடம் கொடுத்தவை எவை? அக்கம்பக்கத்து மசூதியும் கோயிலும்!

இன்னும் பின்னே போவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. நம் நேரப்படி காலை ஒன்பது மணி வாக்கில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கிற்று. பேரலை பினாங்குக் கரையைத் தொட்டபோது மணி பிற்பகல் ஒன்றைத் தாண்டியிருந்தது. நடுவிலே நான்கு மணி நேரம்! அந்த நான்கு மணி நேரத்தில் கரையோர மக்களுக்கு ஒரு வார்த்தை எட்டவில்லை. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் இறந்தார்கள். அபாயச் சங்குகள் வைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதானே!

அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நடந்ததையும் கேளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் பிழைக்கப் போன இடம் சிங்கப்பூர். அங்கே செய்தியைக் கேட்டவர் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த தகவல் நிலையம் ஒன்று இருந்தது. அதிலிருந்த ஒலிபெருக்கி, கடல் நிலவரத்தைச் சொல்வதற்காக வைத்தது. ஊரார் அதை முடுக்கி "ஓடுங்கள்!" என்றார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. ஊர் மக்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு ஒலிபெருக்கி, அதை எடுத்துப் பேசத் துணிந்த ஊர்மக்கள். இவ்வளவே செலவு! நம் தோட்டங்களில் எத்தனை லயத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது? திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கிறோமே, அதைத் தவிர?

பினாங்கு இந்தப் பாடத்தை முதலில் படித்தது 1941-இல். டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனுக்கு மேலே வந்தபோது, ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். பதுங்கு என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் இல்லை. குண்டு விழுந்தது. பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த தீயணைப்பு நிலையமே அடிபட்டது. ஐந்தாறு நாள் கழித்து, 16-ஆம் தேதி இரவோடு இரவாக வெள்ளைக்கார துரைமார் கப்பலேறினார்கள். தமிழனையும் சீனனையும் மலாய்க்காரனையும் கரையிலே விட்டுவிட்டு, பினாங்கு மக்கள் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டு விட்டதாக வானொலியிலும் பேசினார்கள்!

திட்டம் தீட்டியவர்கள் போன பிறகு ஊரைக் காத்தது யார்? உள்ளூர்வாசிகள் கூடிப் பினாங்கு சேவைக் கமிட்டி அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர், யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. குண்டு வீச்சு நிற்கட்டும் என்று கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். கொள்ளையை அடக்கவும், உணவு பங்கிடவும் தொண்டர்கள் முன்வந்தார்கள். ஜப்பானியர் நகருக்குள் வரும் வரையில் அந்தக் கமிட்டிதான் அங்கே சர்க்கார்.

ஆபத்தின் முதல் சில மணி நேரம் எப்போதும் அங்கேயே இருப்பவன் கையில்தான் இருக்கிறது. ஆகவே திட்டம் போடும்போதே அங்கே இருப்பவனை உட்கார வைத்துப் போட வேண்டும். இதை மறுக்க யாராலும் முடியாது.

தோட்டத்தின் கதைக்கு வருவோம். கிராமத்துக்குக் கிராம சமூக நிர்வாக மன்றம் உண்டு. தாமானுக்குக் குடியிருப்போர் சங்கம் உண்டு. தோட்டத்துக்கு? கேட்டால் "அது தனியார் நிலம்" என்கிறார்கள். கிராமப்புற அபிவிருத்தி நாட்டில் பரவிய காலத்தில் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் தோட்டத்துக் கேட்டோடு நின்றதற்குச் சொன்ன காரணமும் இதுவேதான். ஐயா, மழைக்குத் தனியார் நிலம் என்று தெரியுமா? சுங்கை மூடாவும் சுங்கை கிரியானும் கரை புரளும்போது கேட்டில் நின்று அனுமதி கேட்குமா? பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் ஆற்றுநீர் கடலில் இறங்க வழியின்றித் திரும்பித் தாழ்ந்த நிலத்தில் ஏறுகிறது. அந்தத் தாழ்ந்த நிலத்தில் யாருடைய லயம் இருக்கிறது, யாருடைய பங்களா மேட்டில் இருக்கிறது என்று நாம் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

"தோட்டத்துக்குள் நுழைந்து ஏற்பாடு செய்வது கடினம்" என்றும் சொல்வார்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்ததே, அப்போது கடினமாக இருந்ததா? லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். தலை தலையாக எண்ணினார்கள். அடையாள அட்டை கொடுத்தார்கள். காவலுக்கு ஆள் பழக்கினார்கள். பால்மரத்தையும் துரையையும் காக்க வேண்டியிருந்தபோது தோட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் சர்க்காருக்குத் தெரிந்தது. தொழிலாளியின் குழந்தையைத் தண்ணீரிலிருந்து காக்க வேண்டும் என்றால் மட்டும் கேட் குறுக்கே நிற்கிறதாம்!

நகராட்சியின் நிலை என்ன? மலாயாவிலே முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. 1957 ஜனவரி 1-இல் அது மாநகரமானபோது முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன், ஒரு தமிழர். வாக்குக் கேட்டு வருகிறவன் சாக்கடையைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டின் சட்டம் அதைப் புதைத்தே விட்டது. பினாங்கு மாநிலம் அதை மீட்க நீதிமன்றம் போனது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் இடமில்லை என்றது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் 24 பேர் வரையில் இருக்கலாம். வாக்கு இல்லாத இடத்தில் நியமனமாவது நியாயமாக இருக்க வேண்டாமா? அந்த 24-இல் லயத்தில் குடியிருப்பவர் எத்தனை பேர்? சம்பந்தப்பட்டவர்கள் பதில் சொல்லட்டும்.

அடுத்தது 'தொண்டு' என்னும் இனிப்பான சொல். கூட்டங்களில் அதிகாரிகள் "மக்கள் தாமே தொண்டர்களாக முன்வர வேண்டும்" என்கிறார்கள். வரத் தயார். ஆனால் தொண்டனும் சாப்பிட வேண்டுமே! மழை பெய்தால் பட்டை நனைகிறது, நனைந்த மரத்தில் பால் கோப்பைக்கு வராமல் வழிந்தோடுகிறது, வெட்டு இல்லை. மழைமாதத்தில் வருமானம் குறைந்து நிற்கிறவனை, பயிற்சிக்கு என்று இன்னொரு நாள் கூலியை இழந்து வா என்பது எந்த ஊர் நியாயம்? தொண்டர் வேண்டுமென்றால் பயிற்சி நாளைச் சம்பள நாளாக்கு! அடிபட்டால் இன்சூரன்ஸ் கொடு! இவற்றைச் செய்யாமல் தொண்டு தொண்டு என்பது, சர்க்காரும் முதலாளியும் செய்ய வேண்டிய செலவைப் பாட்டாளியின் முதுகில் ஏற்றுவதாகும்.

வங்காள தேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிறகு செம்பிறைச் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து கிராமந்தோறும் தொண்டர்களைத் திரட்டின. இன்று அவர்கள் 70,000 பேருக்கு மேல். பாதிப் பேர் பெண்கள். கொடியும் கைஒலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஆனால் போகச் சொல்வதற்கு ஓர் இடமும் இருக்கிறது: அரசாங்கம் கட்டிய புயல் காப்பகங்கள். 2007-இல் சிடர் புயல் வந்தபோது இறந்தவர் தொகை சுமார் 3,400. அதுவும் துயரமே, என்றாலும் மூன்று லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே! சர்க்கார் பணம் போட்டது, மக்கள் உழைப்பைப் போட்டார்கள். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

சிலர் கேட்கக்கூடும்: "சங்கத்துக்கு இதென்ன வேலை? சம்பளம் பேசினால் போதாதா?" தோழரே, 1946-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்டு தோட்டத்திலே, ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை ஒழிக்கப் புறப்பட்ட படை அது. 1947-இல் போலீசைக் கொண்டு அதை ஒடுக்கினார்கள். ஆனால் எந்த இலாகாவின் உத்தரவுமின்றித் தோட்டத்து ஜனங்கள் அணிவகுக்க முடியும் என்பதை அது காட்டிற்று. அந்தப் பெயர் நம்முடையது. அதை நாம் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நானும் செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். செக்ரோலில் வேலைக்கு வருகிறவன் பெயர் இருக்கிறது. வேலைக்கு வராத பாட்டி, கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் நோயாளி, ஓய்வு பெற்றும் போக்கிடமின்றி லயத்திலேயே தங்கிவிட்ட பழைய தொழிலாளி, இவர்கள் பெயர் இல்லை. வெள்ளம் செக்ரோலைப் பார்த்து வருவதில்லை. எனவே இன்னொரு புத்தகம் போடுவோம். வீட்டு எண், தலை எண்ணிக்கை, நடக்க முடியாதவர் யார், மருந்து சாப்பிடுகிறவர் யார். வங்காளி, நேப்பாளி, இந்தோனேசியத் தோழர் பெயரும் அதில் இருக்க வேண்டும். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா மண்சரிவில் 11 தொழிலாளர் புதைந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸில் 9 பேர். அவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டார். மண் அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் லாரி உண்டு, கயிறு உண்டு, ஸ்டோரில் விளக்கும் உண்டு. ஸ்டோர்ச் சாவியோ பட்டணத்தில் குடியிருப்பவர் சட்டைப்பையில்! இதுதான் நிர்வாகங்கள் சொல்லும் ஆயத்தம்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் செப்டம்பர் பிறக்குமுன் கூட்டம் போட்டு, இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட அதிகாரிக்கும், செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும், நிர்வாகத்துக்கும் அனுப்ப வேண்டும்:

1. தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் பேரிடர்க் கமிட்டியில் தொழிலாளர் சங்கத்துக்கு ஓர் இடம், சிப்பந்திகள் சங்கத்துக்கு ஓர் இடம்.

2. வெள்ள வரைபடத்திலும் மக்களை வெளியேற்றும் திட்டத்திலும் எல்லா லயமும் சேர்க்கப்பட வேண்டும். ரப்பர் தோட்டமானாலும் செம்பனைத் தோட்டமானாலும் சரி.

3. பயிற்சி நாளுக்குச் சம்பளம், தொண்டனுக்கு இன்சூரன்ஸ்.

4. லயத்துக்கு ஒரு ஒலிபெருக்கி. எச்சரிக்கை தமிழிலும், அங்கே உழைப்பவர் பேசும் மற்ற மொழிகளிலும்.

5. மழைக்காலத்தில் ஸ்டோர்ச் சாவியும் லாரிச் சாவியும் இரவில் தோட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டாவது சாவி கிளைத் தலைவரிடம்.

பதில் வரட்டும் என்று கைகட்டி நிற்கவும் வேண்டாம். புத்தகத்தை இந்த வாரமே எழுதத் தொடங்கலாம். மேட்டு நிலம் எது, சிறுவர்களைக் கூட்டிப் போவது யார், ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் பொறுப்பாளி யார் என்று பிரட்டு முடிந்து நிற்கும் அரைமணியில் முடிவு செய்யலாம். பெண்களை முன்னே நிறுத்துங்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அது விதியை நொந்து உட்கார்ந்தவன் பேச்சு. நாம் சங்கம் கண்டவர்கள். வெள்ளம் முழங்காலில் இருக்கும்போதே ஒன்றுகூடத் தெரிந்தவர்கள். மாவட்டக் கமிட்டியார் நாற்காலி போடட்டும். போடாவிட்டால், நம் பெஞ்சியை நாமே தூக்கிக்கொண்டு போய் அந்த மேசைக்கு முன் உட்காருவோம்!