கை வீசிய தடம்

கெலோம்பாங் என்றால் மலாயில் அலை. அந்தப் பெயரில் மலேசிய ஓவியர் லத்திஃப் மொஹிதின் 1985 முதல் தீட்டிய ஓவியங்களில் கடற்கரையையோ படகையோ தேடிப் பயனில்லை. வண்ணம்தான் அங்கே எழுகிறது, மடங்குகிறது, மறுபடி எழுகிறது. தூரிகை வீச்சை நம்பிய அரூப ஓவியத்துக்கு மலேசியாவில் இதைவிட நல்ல உதாரணம் சொல்வது கடினம்.

லத்திஃப் பிறந்தது 1941இல், லெங்கெங்கில். அது நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கிறது. 1960இல் உதவித்தொகை பெற்று பெர்லினில் ஓவியம் படிக்கப் போனார். கவிஞரும்கூட. அறுபதுகளில் அவர் வரைந்த 'பாகோ பாகோ' வரிசையில் கோபுரமும் முளையும் கலந்த உருவங்கள் நிமிர்ந்து நின்றன. கெலோம்பாங்கில் அந்த உருவங்களும் கரைந்துவிட்டன, மிஞ்சியது அசைவு.

அமெரிக்க விமர்சகர் ஹெரால்ட் ரோசன்பர்க் 1952இல் இவ்வகை ஓவியத்துக்குச் 'செயல் ஓவியம்' என்று பெயரிட்டார். திரையில் ஒரு காட்சியை வரைவதைவிட, திரைமீது ஒரு செயல் நடப்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. கை போன வேகம் அப்படியே தங்கிவிடுகிறது. விரைந்து இழுத்த தூரிகை வறண்டு, கோடு கோடாகப் பிரியும். தயங்கிய இடத்தில் வண்ணம் விளிம்பில் தடித்து நிற்கும். பார்ப்பவரின் கண் அந்தத் தடத்தைப் பின்தொடரும்போது, வீசிய கையை உடம்பே உணர்கிறது.

பால்மரம் சீவியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கத்தியை இழுப்பது மணிக்கட்டு மட்டுமல்ல; தோளும் காலும் மரத்தோடு சேர்ந்து நகரும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம், குறைந்தால் பால் வராது. பெரிய திரையின் முன் நிற்கும் ஓவியரின் வேகமும் இப்படிப் பழகிய வேகம்தான். கண்டபடி கிறுக்கியது என்று இதை ஒதுக்குவது பெரும் தவறு.

நிறத்துக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். ஈர வண்ணத்தின் மேல் இன்னொரு ஈர வண்ணம் ஏறினால் இரண்டும் குழைந்து சேறாகிவிடலாம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை, நீலத்தின் மீது சிவப்பை ஒரே இழுப்பில் வைத்து எடுத்துவிடும். இரண்டும் உரசி ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். காய்ந்தபின் பக்கவாட்டில் நின்று பார்த்தால், தடித்த சிவப்பின் ஓரத்தில் மெல்லிய இழையாக அடியிலுள்ள நீலம் தெரியும்.