உருண்டையிலே இருக்கிறது சூட்சுமம்!

காஞ்சிபுரத்துக்கு ஜனங்கள் மூன்று காரியமாக வருகிறார்கள். சுவாமி தரிசனம் ஒன்று. கல்யாணப் பட்டு எடுப்பது ஒன்று. மூன்றாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. காரப்பேட்டையில் 1969-ல் ஏற்பட்ட அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வருவதுதான் அது. அங்கே வருகிற குடும்பங்களுக்கெல்லாம் மனத்தில் ஒரே கேள்வி: "இந்த மருந்து கேட்குமா?"

இதற்கு விடை தேடும் விஞ்ஞானிகளும் பட்டைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

விஷயம் இதுதான். புது மருந்தைப் பெரும்பாலும் முதலில் பரிசோதிப்பது, தட்டில் வளர்த்த உயிரணுக்களின் மேல். தட்டின் அடியில் அவை பாய் விரித்தாற்போல ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும். மருந்தை ஊற்றினால் எல்லா அணுக்கள் மேலும் ஒரே சமயத்தில் படும், அவை மடியும். "ஆஹா, வெற்றி!" என்று தோன்றும். அதே மருந்தை மனிதருக்குக் கொடுத்தாலோ, பல சமயம் கட்டி அசைந்து கொடுப்பதில்லை.

ஏன்? உடம்பில் வளரும் கட்டி பாய்போல் இருப்பதில்லையே! உருண்டு திரண்டல்லவா இருக்கிறது!

ஆகவே உயிரணுக்களை உருண்டையாகவே வளர்க்கத் தொடங்கினார்கள். 'ஸ்பீராய்டு' என்று அதற்குப் பெயர். ஒரு வழி வெகு சுலபம். தட்டின் மூடியில் அணுக்கள் கலந்த சத்துநீரைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். துளி விழாமல் தொங்கும். அணுக்கள் துளியின் அடியில் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில நாளில் கடுகைவிடச் சிறிய உருண்டையாகிவிடும். தொங்கும் துளி பழைய உபாயம்தான். 1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிஸன் தவளையின் நரம்பை உடம்புக்கு வெளியே வளர்த்துக் காட்டியதும் இப்படியே.

இந்த உருண்டைக்குள் பிராணவாயு ஒன்றிரண்டு தலைமுடிப் பருமனுக்கு மேல் நன்றாகப் போய்ச் சேருவதில்லை. ஆகவே வெளிப்புறத்து அணுக்கள் பெருகுகின்றன. உள்ளே இருப்பவை தூங்குகின்றன. உருண்டை பெரிதானால் மையத்தில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகின்றன. பெருகும் அணுக்களைத் தாக்கும் மருந்து, தூங்குகிறவற்றை விட்டுவிடுகிறது. நிஜக் கட்டியிலும் இந்தச் சங்கடம் உண்டு.

இனி பட்டுக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பச்சைப் பட்டு நூலைக் கொதிக்க வைத்தால் ஏறக்குறையக் கால் பங்கு எடை பசையாகக் கரைந்துபோகும், மினுமினுக்கும் இழை மிஞ்சும். அந்த இழை 'ஃபைப்ராயின்' என்னும் புரதம். அதைக் கரைத்து, உறைய வைத்து, துளைகள் நிறைந்த பஞ்சுபோல் ஆக்குகிறார்கள். துளைகளில் உயிரணுக்கள் குடியேறி நாலா பக்கமும் வளர்கின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையில் டேவிட் காப்லானும், நம் நாட்டில் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய சுபாஷ் குண்டுவும் பட்டுப் புரத ஆராய்ச்சியில் பேர் பெற்றவர்கள். குண்டுவின் குழுவினர் டஸ்ஸர் பட்டுப் பஞ்சிலே புற்றணுக்களை வளர்த்து மருந்துகளைச் சோதித்தார்கள். இப்படி வளரும் அணுக்களை அடக்க, தட்டில் வளர்பவற்றைவிட அதிக மருந்து வேண்டியிருப்பது சகஜம்.

2023-ல் இந்திய அரசும் புது மருந்து விதிகளைத் திருத்தி, மனிதருக்குக் கொடுத்துப் பார்க்குமுன் செய்யும் சோதனைகளில் இத்தகைய முறைகளுக்கு இடம் அளித்தது.

"புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது!" என்று இனி எங்கேனும் படித்தால், "பாயிலா, உருண்டையிலா, மனிதரிடத்திலா?" என்று கேளுங்கள். உருண்டையும் முழு மனிதன் அல்ல. சாதாரணமாக அதில் ரத்தக் குழாய் இல்லை. நோயை எதிர்க்கும் அணுக்களும் இல்லை. அதை நம்பி நடக்கிற சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் உதவாத மருந்து ஒன்று சோதனைச்சாலையிலேயே நின்றுபோனால், எங்கோ ஒரு நோயாளி வீணான வாந்தியிலிருந்தும் வீணான நம்பிக்கையிலிருந்தும் தப்புகிறார்.

புடவை வாங்கும் அம்மாள் உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. மருந்துக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டாமா?