இரண்டாவது நாற்காலி

ஆகாய விமானம் இப்போது தானாகவே பறக்கிறதாமே, அப்புறம் விமானிக்கு எதற்கு அத்தனை சம்பளம்? படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். கேட்கட்டும், அறியாமைக்கு வரி கிடையாது. ஆனால் முன்னறையில் இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதாதா என்று விமானத் தொழிலில் இருப்பவர்களே கணக்குப் போடுகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

1950 வாக்கில் கடல் தாண்டும் விமானத்தின் முன்னறையில் ஐந்து பேர் இருப்பதுண்டு. விமானிகள் இருவர், நட்சத்திரம் பார்த்து வழி கணிக்கிறவர், தந்தி அடிக்கிறவர், எஞ்சின்களின் நாடி பிடிக்கிற எஞ்சினீயர். குரலில் பேசும் ரேடியோ செம்மைப்பட்டதும் தந்திக்காரர் இறங்கினார். 1970-ல் ஜம்போ ஜெட் பிரயாணிகளை ஏற்றியபோது வழி கணிப்பதற்கும் யந்திரம் வந்துவிட்டது. 1989-ல் அதே ஜம்போ புது உருவத்தில் வந்ததும் எஞ்சினீயரின் நாற்காலியும் போயிற்று. நூற்றுக்கணக்கான முட்கள் ஆடிய இடத்தில் ஆறு திரைகள். ஒரே விமானி வாலிபத்தில் மூவராகத் தொடங்கி, நரைத்தபோது இருவராக ஓட்டியிருப்பார். இதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. போனவர்கள் செய்தது வேலை. வேலையை யந்திரம் நம்மைவிட நன்றாகவே செய்யும். விமானப் பிரயாணம் அன்றைவிட இன்று பல மடங்கு பத்திரமானது என்பதையும் மறுக்கவில்லை.

இரண்டாவது விமானியின் சங்கதி வேறு. முதல்வர் பிசகினால் சொல்வதற்கு ஒரு வாய் அவர். 2009 ஜனவரி 15-ல் பறவைகள் மோதி எஞ்சின்கள் வலுவிழந்த விமானத்தை ஹட்சன் நதியில் இறக்கிய சல்லன்பெர்கரைப் புகழாதவர் இல்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்களும், எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கப் பக்கத்து நாற்காலியில் போராடியவர் ஸ்கைல்ஸ். 155 பேரும் பிழைத்தார்கள். ஸ்கைல்ஸ் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிர்க்கட்சியார் அதே வருஷம் ஜூன் 1-ஐக் காட்டுவார்கள். ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்களைப் பனி அடைத்தது, தானியங்கி விலகிக்கொண்டது, மூக்கைத் தூக்கிப் பிடித்தே விமானத்தை அட்லாண்டிக்கில் விழ விட்டார்கள், 228 பேர் மாண்டார்கள். இருவர் இருந்து என்ன பயன் என்பார்கள். அந்த உயரத்தில் கையால் ஓட்ட அவர்களைப் பழக்கியது யார், ஐயா? வருஷக்கணக்கில் கையைக் கட்டி வைத்துவிட்டு, நடுக்கடலில் அவிழ்த்து 'நீந்து' என்றால் ஆகுமா?

யந்திரம் பொய் சொல்லாது என்பவர்கள் 2018, 2019-ல் விழுந்த இரண்டு போயிங் மாக்ஸ் விமானங்களை நினைக்கட்டும். ஒரே ஒரு உணர்கருவியின் பொய்யை நம்பி யந்திரம் மூக்கை அமுக்கியது. அப்படி ஒன்று உள்ளே இருப்பதையே முதலில் விமானிகளுக்குச் சொல்லவில்லை. 346 உயிர்.

நடுவழியில் மட்டும் ஒருவர் தூங்கட்டும், மற்றவர் ஓட்டட்டும் என்பது இப்போதைய யோசனை. இன்றைய நிலையில் இது இருவருக்குச் சமமான பத்திரம் என்று காட்ட முடியவில்லை என ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2025-ல் சொல்லியிருக்கிறது. யோசனை செத்துவிடவில்லை; காத்திருக்கிறது. அந்த ஏர் பிரான்ஸ் விமானத்திலும் தலைமை விமானி ஓய்வறையிலிருந்து ஓடிவந்தார். வந்தவருக்கு நிலைமை பிடிபடவில்லை. தொல்லை தொடங்கி முடிந்தது சுமார் நாலரை நிமிஷத்தில். அங்கேயாவது நாற்காலிகளில் இருவர் விழித்திருந்தார்கள். விழித்திருக்கும் அந்த ஒருவருக்கே மாரடைப்பு வந்தால் என்ன செய்வதாக உத்தேசம்? பதிலை டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கட்டும்.