ஒற்றை விறகு எரியாது

நோர்வேயின் புருமுண்டால் ஊரில், மரத்தூண்களின் மேல் 18 மாடிக் கட்டடம் ஒன்று 2019 முதல் நிற்கிறது. உயரம் 85 மீட்டருக்கு மேல். யாரிடம் இதைச் சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "ஒரு தீக்குச்சி போதுமே!"

சொல்பவர் விறகடுப்பு மூட்டியவரில்லை என்பது உடனே தெரிந்துவிடும். தீக்குச்சிக்குப் பற்றுவது சிராயும் சுள்ளியும். அடிமரத் துண்டில் பெட்டி தீரக் குச்சி கிழித்தாலும் மேலே கருகுமே தவிர எரியாது. அந்தக் கரிதான் காப்பு. சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் கரியாகும் என்பது ஐரோப்பியக் கட்டுமான விதிகளின் கணக்கு. நான்கு பக்கமும் ஒரு மணி நேரம் எரிந்தாலும் 40 சென்டிமீட்டர் தூணில் 32 சென்டிமீட்டர் மிஞ்சும். கரியாகப் போவதையும், அதன் அடியில் சூட்டில் தளரும் சில மில்லிமீட்டரையும் கழித்துவிட்டு, மிச்சம் பாரம் தாங்குமா என்று பார்த்துத்தான் பொறியாளர் தூணின் பருமனையே முடிவு செய்கிறார். இரும்பு எரியாதுதான். ஆனால் காப்புப் பூச்சில்லாத இரும்பு 600 டிகிரி செல்சியஸில் பாதி வலுவை இழந்து தொய்ந்துவிடும்.

கான்கிரீட் என்றால் பயமில்லை என்கிறார்கள். 2017 ஜூன் 14 அன்று பற்றி, 72 உயிர்களைப் பலிகொண்ட லண்டன் கிரென்ஃபெல் கோபுரம் கான்கிரீட் கட்டடம்தான். தீ ஏறியது அதன் வெளிச்சுவரில் பொருத்திய தகடுகளில். அலுமினியத்துக்கு நடுவே பாலிஎத்திலீன்.

அதற்காக மரம் விற்பவர்களின் 'கவலையே வேண்டாம்' பேச்சையும் நான் வாங்கத் தயாரில்லை. 2019 செப்டம்பரில் அதே லண்டனின் வொர்செஸ்டர் பார்க்கில் நான்கு மாடி மரச்சட்டக் குடியிருப்பு எரிந்து அழிந்தது. அங்கே இருந்தது பருத்த மரமல்ல. மெல்லிய சட்டங்கள், பலகைகள், நடுவே வெற்றிடம்: அடுக்கி வைத்த சுள்ளி. வெற்றிடங்களின் வழியே தீ ஓடியது.

பருத்த விறகிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தனியே கிடந்தால் அணையும். இரண்டு எதிரெதிரே கிடந்தால் ஒன்றின் அனலில் மற்றது எரியும். அமெரிக்காவின் 2021 மாதிரிக் கட்டட விதி இதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. 12 மாடி வரையிலான பிரிவில் மரத்தில் ஒரு பகுதி வெளியே தெரியலாம். ஆனால் அப்படித் தெரியும் சுவர்களுக்கிடையே 15 அடி விலகல் வேண்டும். 18 மாடி என்றால் மரம் முழுவதும் ஜிப்சம் பலகை போன்ற காப்புக்குள் மறைய வேண்டும். மர வாசனைக்கு ஆசைப்படும் கட்டடக் கலைஞர்களுக்கு இது வருத்தம்தான்; இருக்கட்டும். மரப்பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்த மரமாக்கும் பசையும் முக்கியம். அது இளகினால் கரித்தோல் உதிர்ந்து, கருகாத மரம் தீயிடம் சிக்கும். வட அமெரிக்கத் தர விதி 2018இல்தான் தீயில் பிடி விடாத பசையைக் கட்டாயமாக்கியது.

ஆகவே தீக்குச்சிப் பேச்சை விடுங்கள். சுவருக்குள் வெற்றிடம் உண்டா, மாடிக்கு மாடி அதை எதனால் அடைத்திருக்கிறார்கள், தீயணைப்புத் தெளிப்பானில் தண்ணீர் வருமா என்று கேளுங்கள். கான்கிரீட் அடுக்ககத்தில் குடியிருப்பவர்களும் கேட்கலாம்.